குடம் எப்போது விழ வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி ஆண்டு விழாக்கள் நெருங்குகின்றன. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை பழங்கதைகளை நாடகமாக்குவது பற்றியே கேட்கின்றன. அவற்றிலும் கீரிப்பிள்ளைக் கதைக்குத்தான் முதலிடம். தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் பிள்ளைகளை மேடையேற்றியவள் நான். கூத்து வாத்தியார்களின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்ததும் கேட்டதும்தான் என் கையிருப்பு. அதிலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, ஆண்டு விழாவுக்குக் கீரிப்பிள்ளைக் கதையை 12 நிமிட நாடகமாக ஒத்திகை பார்க்கிறோம். பாம்பும் கீரியும் சண்டை போடும்போது பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். ஆனால் தாய் குடத்தைப் போட்டுக் கீரியைக் கொல்லும் இடத்தில் சிரிக்கிறார்கள். தாயாக வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை நன்றாகத்தான் நடிக்கிறாள். அழ வேண்டிய இடத்தில் ஏன் சிரிப்பு வருகிறது? வசனத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– நடுநிலைப் பள்ளி ஆசிரியை, பென்னாகரம் வட்டம்

பதில்: டீச்சர், அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. உங்கள் வசனத்தை நிதானமாகப் படித்தேன். சிக்கல் நாடகத்தைக் கட்டியிருக்கும் விதத்தில் இருக்கிறது.

கதை தெரியாத வாசகர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் கைக்குழந்தையும் கீரிப்பிள்ளையும் சேர்ந்து வளர்கின்றன. தாய் தண்ணீருக்குப் போன நேரத்தில் பாம்பு வருகிறது. கீரி அதைக் கடித்துக் குதறிக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டு, வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்த தாய், இடுப்பிலிருந்த குடத்தை அதன்மேல் போட்டுவிடுகிறாள். உள்ளே போனால் குழந்தை தூளியில் விளையாடிக்கொண்டிருக்கிறது. கீழே பாம்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது.

உங்கள் 12 நிமிடத்தில் பாதிக்கு மேல் சண்டைக்கே போய்விட்டது. பிறகு தாய் வருகிறாள். "ஐயோ, எம்புள்ளையக் கொன்னுட்டியா!" என்று கத்திய கையோடு குடத்தைப் போடுகிறாள். அதுவரை அவளை நாம் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை. அதனால் அவள் ஒரு அவசரக்காரியாக மட்டுமே தெரிகிறாள். மேடையில் அவசரக்காரர் யார் வந்தாலும் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். தாய் முட்டாளாகத் தெரிந்துவிட்டால் இந்தக் கதையில் உயிர் இல்லை. அவள் நிலையில் நானும் இதைத்தான் செய்திருப்பேன் என்று பார்ப்பவர் மனசு ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வேலையை முதல் காட்சியிலேயே தொடங்க வேண்டும்.

பழைய ஆட்கள் அதைச் செய்துதான் வைத்திருக்கிறார்கள். 1199-இல் பூரணபத்திரர் என்ற சமண முனிவர் தொகுத்த பஞ்சதந்திரத்தில், தாய் அந்தக் கீரியைத் தன் பிள்ளையோடு பிள்ளையாகவே வளர்க்கிறாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். பிறவிக் குணத்தால் என்றைக்காவது பிள்ளையைக் கடித்துவிடுமோ என்று பயப்படுகிறாள். தண்ணீருக்குக் கிளம்பும்போது, கீரியிடமிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லிவிட்டே போகிறாள். அவன் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் பிச்சைக்குப் போய்விடுகிறான். பார்த்தீர்களா? பாசமும் சந்தேகமும் ஒரே நெஞ்சில் முன்கூட்டியே இருக்கின்றன. உங்கள் வசனத்தில் பாசம் இருக்கிறது, சந்தேகம் இல்லை. கணவனும் இல்லை. அதனால் ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்கு வரும் நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரிவதில்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடகத்துக்கு முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து சந்தி, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்கள், சொல்லி, அவற்றை உழவை வைத்தே விளக்குகிறார். உழுது பண்படுத்திய நிலத்தில் விழுந்த விதை முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் பொதி கட்டி, மணி உள்ளேயே முற்றி நிற்பது கருப்பம். கதிர் விரிந்து தலைசாய்ந்து விளைவது விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். ராகி நடும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எழுதிப் போட்டு விளக்க வேண்டியதே இல்லை, வயலைக் காட்டினால் போதும்.

இப்போது இதை உங்கள் கதைமேல் வைத்துப் பாருங்கள். தாயின் பாசமும் சந்தேகமும் விதை. அவள் சொல்லிவிட்டுப் போவதும் கணவன் வீட்டை விட்டுப் போவதும் நாற்று. பாம்புச் சண்டை கருப்பம். அதாவது, வீட்டுக்குள்ளே நடப்பது, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது. வாசற்படியில் தாயும் கீரியும் சந்திக்கும் இடம்தான் விளைவு. தூளியை எட்டிப் பார்ப்பது துய்த்தல். நீங்கள் கருப்பத்தையே விளைவு என்று எடுத்துக்கொண்டு முழு பலத்தையும் அங்கே இறக்கிவிட்டீர்கள். விசிலும் அங்கேயே தீர்ந்துவிட்டது.

நான் செய்யச் சொல்வது இது. சண்டையை ஒரு நிமிடத்துக்குள் அடக்குங்கள், அதையும் திரைக்குப் பின்னால் வையுங்கள். நம் பக்கத்துக் கூத்தில் புது வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்களே, வேஷக்காரர் பின்னாலிருந்து பாட, சபை காத்துக்கொண்டிருக்குமே, அதே திரைதான். தூளியைத் திரைக்குப் பின்னால் கட்டுங்கள். மத்தளச் சத்தம், சீறல், திரை நாலு தடவை அசைய வேண்டும், அவ்வளவு போதும். அட்டைப் பாம்பு வெளியே தெரியவே வேண்டாம். சண்டை அடங்கியதும் உள்ளிருந்து ஒரு கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கட்டும். குழந்தை உயிரோடு இருக்கிறது என்பது சபைக்குத் தெரிந்துவிடும். தாய்க்கு மட்டும் தெரியாது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. சபையும் அறியாமல் இருந்தால் அது வெறும் திடுக்கிடல். சபைக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்தால், "வேண்டாம் தாயே, உள்ளே போய்ப் பார்" என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கத்துவார்கள்.

அடுத்தது வாசல். தாய் களைத்து வரட்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் நம் ஊர்ப் பெண்கள் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று அந்தப் பிள்ளையின் பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள், நடை தானாக வந்துவிடும். கீரி ஓடி வந்து காலைச் சுற்றட்டும். அவள் உடனே கத்தக் கூடாது. சிரித்துக்கொண்டே குனிந்து அதைத் தடவட்டும். கையை எடுத்தால் கையில் ரத்தம். கையைப் பார்க்கிறாள், கீரியின் வாயைப் பார்க்கிறாள், உள்ளே திரும்பிப் பார்க்கிறாள். வசனமே வேண்டாம். அப்புறம்தான் குடம்.

குடம் விழுந்த பிறகு யாரும் அசையக் கூடாது. மத்தளமும் நிற்கட்டும். அந்த அமைதியில் திரைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் கிலுகிலுப்பை. தாய் போய்த் திரையைத் தன் கையாலேயே கீழே இழுக்கட்டும். இப்படி ஒரு முறை ஒத்திகை பாருங்கள் டீச்சர். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் பள்ளியில் யாராவது இதோபதேசம் என்ற வடமொழிக் கதைத் தொகுப்பைப் படித்துவிட்டு, "அதில் தகப்பன்தானே கொல்கிறான்" என்று கேட்கலாம். ஆமாம், அதில் தாய் குளிக்கப் போகிறாள். காவலுக்கு இருந்த தகப்பன் அரண்மனைத் தானம் வாங்கக் கீரியைக் காவல் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தானே கொல்கிறான். காவல் வைத்தவனே காவல்காரனைக் கொல்வது அந்த வடிவத்தின் கூர்மை. ஆனால் மேடைக்கு நான் தாயைத்தான் எடுப்பேன். அவளிடம் பால் கொடுத்த உறவும் இருக்கிறது, இடுப்பில் குடமும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் அவ்வா கன்னடத்தில் பசுவின் பாட்டுப் பாடுவார். அதில் புண்ணியகோடி என்ற பசு கொடுத்த வாக்குப்படி திரும்பி வந்ததும் புலி தன் உயிரை விட்டுவிடும். பள்ளியில் தமிழில் சொன்னபோது, புலி மனமிரங்கிப் பசுவை அனுப்பிவிட்டது என்று முடித்தார்கள். நாடகத்துக்கு எது பொருந்தும்?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: உங்கள் அவ்வாவின் முடிவுதான் பொருந்தும், ஐயா. இந்தக் கதையில் பசு முதலிலிருந்து கடைசிவரை மாறுவதே இல்லை. கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றது, வந்தது. மாறுவது புலி. பசியோடு வழிமறித்த அர்புதன் என்ற அந்தப் புலி, இவளைத் தின்றால் உடன்பிறந்தவளைத் தின்றது போல ஆகும் என்ற நிலைக்கு வந்துசேர்கிறது. மாற்றத்துக்கு அது கொடுக்கும் விலை அதன் உயிர். "சரி, போ" என்று அனுப்பிவிட்டு நாளைக்கு வேறொரு மாட்டைப் பிடிக்கப் போகிற புலியிடம் என்ன மாறியது?

ஆனால் இந்தக் கதையின் உச்சம் புலியின் குகைவாசலில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தொழுவத்தில்தான் இருக்கிறது. அங்கே பசு போகாமல் இருந்துவிடலாம். கேட்பார் யாரும் இல்லை. கன்று, இனி யார் மடியில் குடிப்பேன், யார் பக்கத்தில் படுப்பேன் என்று கேட்கிறது. பசு மற்ற மாடுகளிடம் போய், முன்னால் வந்தால் முட்டாதீர்கள், பின்னால் வந்தால் உதைக்காதீர்கள் என்று கன்றை ஒப்படைக்கிறது. பசுவின் மனசு உறுதியாவதை நாம் கண்ணால் பார்ப்பது அந்த இடத்தில். நாடகத்தில் ஒரே பாதையைப் பசு இரண்டு முறை நடக்க வேண்டும். தொழுவத்துக்கு ஓட்டமாக, புலியிடம் நிதானமாக. மேடையில் குறுக்கே ஒரு கோடு போட்டு அதில் நடக்கவிட்டாலே போதும். புலி தன் உயிரை விடப் பாயும் இடத்தையும் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வா இருந்தால் அவரையே மேடை ஓரத்தில் உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். கன்னடப் பாட்டுக்குத் தமிழ் வசனம் நம் எல்லைப் பக்கத்தில் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது.

கேள்வி: கீரிப்பிள்ளைக் கதை சிலப்பதிகாரத்தில் வருகிறது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா? காப்பியத்தில் அதற்கு என்ன வேலை?
– ஓய்வுபெற்ற அலுவலர், கிருஷ்ணகிரி

பதில்: உண்மைதான், ஐயா. அதற்கு அங்கே இருக்கும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

மதுரைக் காண்டத்தில், அடைக்கலக் காதையில் வருகிறது. மதுரைக்கு வெளியே கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்ற மறையவன், கோவலன் முன்பு செய்த நற்செயல்களை எடுத்துச் சொல்கிறான். அவற்றில் ஒன்று இது. கீரிப்பிள்ளையைக் கொன்றுவிட்ட மனைவியை விட்டுக் கணவன் வடதிசை நோக்கிப் போகிறான். அழுதுகொண்டு பின்னால் வருபவளிடம், உன் கையால் இனி உண்பது தகாது என்று சொல்லி, வடமொழி எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, இதன் பொருள் தெரிந்தவர் கையில் கொடு என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் அந்த ஏட்டோடு தெருத்தெருவாக, வீடுவீடாக அலைகிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு, ஏட்டை வாங்கிப் படிக்கச் செய்து, அவள் பாவம் தீரத் தானம் செய்து, காட்டுக்குப் போன கணவனையும் வரவழைத்துச் சேர்த்துவைக்கிறான்.

நாம் பள்ளியில் சொல்லும் கதை குடத்தோடு நின்றுவிடுகிறது. இளங்கோவடிகள் குடம் விழுந்த பிறகு என்ன என்று கேட்கிறார். கொன்றவளுக்கு அப்புறமும் ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதை யார் தூக்கி நிறுத்துவது?

அதைவிட முக்கியம், இந்தக் கதையை அவர் வைத்திருக்கும் இடம். அடைக்கலக் காதை பதினைந்தாவது. அடுத்தது, பதினாறாவது, கொலைக்களக் காதை. அங்கே பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டுப் பாண்டியன், ஆராயாமல், கோவலனைக் கொல்லச் சொல்லிவிடுகிறான். கால் சிலம்பு கையில் இருந்தது, அதனால் கள்வன். வாயில் ரத்தம் இருந்தது, அதனால் கொலைகாரன். இரண்டும் ஒரே அவசரம். ஆராயாமல் கொன்ற ஒருத்தியைக் கரையேற்றியவன், ஆராயாமலே கொல்லப்படுகிறான். இளங்கோ இந்த இரண்டையும் எங்கேயும் சேர்த்துச் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கீரிப்பிள்ளைக் கதை இங்கே வெறும் புகழுரை என்று படித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள், தயவுசெய்து இந்த இரண்டு காதைகளையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் அரிஸ்டாட்டில் சொல்லும் திருப்பம், அறிதல் இரண்டையும் படிக்கிறோம். சிங்கமும் முயலும் கதைக்கு இவற்றைப் பொருத்தித் தேர்வில் எழுதலாமா?
– இளங்கலை மாணவர், பாலக்கோடு

பதில்: எழுதலாம் தம்பி. ஆனால் பொருத்தினேன் என்பதோடு நிறுத்தாமல், எது பொருந்தவில்லை என்றும் எழுது, அதில்தான் விஷயம் இருக்கிறது. நிலைமை தலைகீழாவது திருப்பம். தெரியாதது தெரியவருவது அறிதல். இரண்டும் ஒரே கணத்தில் வருவதே சிறந்தது என்பது அரிஸ்டாட்டில் கருத்து, அதற்கு அவர் காட்டுவது ஈடிபஸ் நாடகம். நம் கீரிப்பிள்ளைக் கதையில் தூளியை எட்டிப் பார்க்கும் கணம் அப்படிப்பட்டது. குழந்தை பிழைத்திருக்கிறது என்ற நல்ல செய்தியே அவளை நொறுக்குகிறது. சிங்கத்தின் கதையில் திருப்பம் உண்டு, வேட்டையாட வந்தது கிணற்றில் விழுகிறது. ஆனால் அறிதல் இல்லை. தண்ணீரில் தெரிவது தன் முகம்தான் என்று அது கடைசிவரை அறியவே இல்லை. அறிந்திருந்தால் நமக்கு அதன்மேல் இரக்கம் வந்திருக்கும். அறியாததால் முயலோடு சேர்ந்து சிரிக்கிறோம். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவிலிருக்கும் வேறுபாட்டை இந்த இரண்டு கதைகளை வைத்தே ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

கேள்வி: நாடக முடிவில் நீதியைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் வற்புறுத்துகிறார். சொல்ல வேண்டுமா?
– ஆசிரியர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம். "புத்திமான் பலவான்" என்ற நீதியையே பாருங்கள். பஞ்சதந்திரத்தில் முயல் கதையைச் சொல்வது யார்? தமனகன் என்ற நரி. யாரிடம் சொல்கிறது? கரடகன் என்ற இன்னொரு நரியிடம். எதற்கு? பிங்களகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற எருதுக்கும் இருக்கும் நட்பைச் சூழ்ச்சியால் கெடுத்துவிட முடியும் என்று காட்டுவதற்கு. அந்தச் சூழ்ச்சியில் எருது செத்தே போகிறது. நல்ல நீதி கெட்டவன் வாயிலிருந்து வருகிறது. யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்பதைச் சேர்த்தே அந்தக் கதையைக் கட்டியிருக்கிறார்கள். நாம் அதைப் பிய்த்தெடுத்து, கடைசி வரியாக ஒட்டுகிறோம். தலைமையாசிரியர் விடமாட்டார் என்றால் அழைப்பிதழில் அச்சடித்துக்கொள்ளுங்கள். மேடையில் வேண்டாம்.

கேள்வி: என் பேத்திக்கு ஐந்து வயது. கீரிப்பிள்ளைக் கதையைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அழுகிறாள், ஆனால் மறுநாள் அதையேதான் சொல்லச் சொல்கிறாள். கீரி பிழைத்துக்கொண்டது என்று மாற்றிச் சொல்லலாமா?
– பாட்டி, அரூர்

பதில்: மாற்றாதீர்கள் அக்கா. மறுநாளும் கேட்கிறாள் என்றால், அந்த அழுகை அவளுக்கு வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கீரியைப் பிழைக்கவைத்தால் அன்றைக்குத் தூங்குவாள், ஆனால் அப்புறம் அந்தக் கதையைக் கேட்கவே மாட்டாள். கவனித்துப் பாருங்கள், கதையில் கீரி ஓடி வரும் இடத்திலேயே அவள் முகம் மாறத் தொடங்கியிருக்கும். தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லையே என்ற தவிப்பு அது. பெரியவர்கள் கூத்தில் அபிமன்யு போகும்போது அழுகிறோமே, அதே தவிப்புதான்.

அழுகை அடங்கியதும், "அப்புறம் அந்த அம்மா என்ன ஆனாங்க?" என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டால் நீங்களே தொடங்குங்கள். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாக அலைந்ததையும், கோவலன் என்று ஒரு நல்லவன் கூப்பிட்டு விசாரித்ததையும், கணவனைத் திரும்ப வரவழைத்ததையும் சொல்லுங்கள். நீங்கள் இட்டுக்கட்ட வேண்டியதில்லை, எல்லாம் நம் காப்பியத்தில் இருப்பதுதான். கோவலனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும், அவள் கொஞ்சம் வளரட்டும் என்று சொல்லித் தள்ளிவையுங்கள்.